பெருக்கிப் பார்த்த கிருமி

14.6.2025, சனி

உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். குழைந்து கஞ்சியாகிவிட்டது. மருமகள் ஜெசிந்தா மேரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கும் மனசு அடுப்பில் இல்லை. பேத்தி செல்வகுமாரி விடியலிலேயே புதுச்சேரிக்குப் போய்விட்டாள், போலீஸ் வேலைக்கு ஓடிக் காட்ட, தாண்டிக் காட்ட.

சாயங்காலம் வந்து நின்றாள். தலையெல்லாம் மணல், காதுக்குள்ளும் மணல். தாண்டிவிட்டாளாம்!

"முதல் ரெண்டு தபாவும் கோட்ட மிதிச்சிட்டேன் ஆயா. மூணாவதுல பறந்தேன். மூஞ்சி குப்புற மணல்ல வுழுந்தேன். ஆனா பாஸ்."

இனி எழுத்துப் பரீட்சை. அதற்குப் பிறகு மெடிக்கல். அப்புறம் காக்கிதான். இந்தக் கரியமாணிக்கத்தில் எங்கள் வகையறாவில் ஆம்பளைகள்கூட காக்கி போட்டதில்லை. எதிர்வீட்டு அமுதத்திடம் போய்ச் சொன்னேன். "அப்ப இனிமே ஒங்க மாடு என் பூச்செடிய மேஞ்சா நான் யாருகிட்ட கம்ப்ளைண்ட் குடுக்கறது மதலேனாக்கா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

குமாரிக்கு இடது கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது. மணல் பட்டதாம், கழுவிவிட்டாளாம்.

17.6.2025, செவ்வாய்

கண் சிவப்பு இறங்கவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயால் ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தேன். "சுகமா இருக்குது ஆயா" என்றாள். ஆனால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். வெளிச்சம் குத்துகிறதாம். புத்தகம் மடித்தபடியே கிடக்கிறது.

20.6.2025, வெள்ளி

காலையில் வாசலுக்குக் கூட்டிவந்து இமையைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழியில் வெள்ளையாய் ஒரு புள்ளி. நொய் அரிசி அளவு. மகன் சகாய சுரேஷ் கம்பெனியில் பகல் ஷிப்ட். அவனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, நானும் ஜெசிந்தாவும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. முகவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்கள். "ஏதாவது மருந்து போட்டியாம்மா? கடையில வாங்கினது, வீட்ல இருந்தது, தாய்ப்பால், கைவைத்தியம்?" என்று கேட்டார்கள். குமாரி என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல டாக்டர்" என்றாள்.

மரத்துப்போக மருந்து விட்டு, அந்தப் புள்ளியை ஒரு சின்னக் கத்தியால் சுரண்டினார்கள். ஐயோ, கருவிழியைச் சுரண்டுகிறார்கள்! ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். பிள்ளை அசையவில்லை.

கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்ததில் நூல் நூலாக ஏதோ தெரிகிறதாம். மண் பட்ட கண் என்பதால் பூஞ்சையாக இருக்கலாம் என்றார்கள். மணிக்கொரு தரம் விடச் சொட்டு மருந்து. சுரண்டியதில் கொஞ்சத்தைத் தட்டில் விதைத்திருக்கிறார்களாம், முளைத்தால் எது என்று தெரியுமாம். நாற்றங்கால் மாதிரி.

24.6.2025

புள்ளி பெரிசாகுது. மாதாவே, கண்ணத் தொறந்து பாரு.

26.6.2025, வியாழன்

தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். இந்த மருந்துக்குப் புண் கேட்கவில்லை. இப்படியே போனால் கருவிழியில் ஓட்டை விழுமாம். அப்புறம் இறந்தவர் யாராவது தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைக்க வேண்டிவருமாம்.

"என்னோடத எடுத்துக்குங்க. நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன்" என்றேன்.

"உயிரோட இருக்கறவங்ககிட்ட எடுக்கமாட்டோம் பாட்டி. உங்க கண்ணு உங்களுக்கு வேணும்."

குமாரி மெடிக்கலைப் பற்றிக் கேட்டாள். கண் பார்ப்பார்களே, அதற்குள் சரியாகுமா என்று. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல கண்ணக் காப்பாத்துவோம்மா" என்றார்கள்.

28.6.2025, சனி

இதை எப்படி எழுதுவேன்.

போன வருஷம் எனக்குக் கண்புரை எடுத்தார்களே, அப்போது கொடுத்த சொட்டு மருந்து பாட்டிலை நான் எறியவில்லை. மாதா படத்துக்குக் கீழே, மந்திரித்த எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். எனக்கு வெளிச்சம் கொடுத்த மருந்தாச்சே. வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். அமுதம்கூட ஒருநாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இன்றைக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது எடுத்துப் பார்த்தேன். காலி.

குமாரியைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். தாண்டிவிட்டு வந்த ராத்திரியிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தாளாம்.

"ஒனக்கு அதுலதான ஆயா கண்ணு தெரிஞ்சுது."

"டாக்டரம்மா கேட்டாங்களேடி! ஏன்டி சொல்லல?"

"சொன்னா அங்கயே ஒன்னத் திட்டுவாங்க. எல்லார் முன்னாலயும். நீ தாங்கமாட்ட."

இவ்ளோதாண்டி நீ என்னக் கண்டது! நான் திட்டு வாங்கினா கரைஞ்சா போயிடுவேன்? ஒரு கண்ணு போறத வுட என் மானம் பெரிசா ஒனக்கு? கத்திட்டேன். அவளும் அழுதா. அழக்கூடாது, கண்ணு எரியும்னு நானே துடைச்சும் வுட்டேன். என்ன செய்யறேன்னு எனக்கே தெரியல.

30.6.2025, திங்கள்

காலிப் பாட்டிலை மடியில் முடிந்துகொண்டு போனேன். டாக்டரம்மா மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டப்போகிறார்கள் என்று நின்றேன். அவர்கள் பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படித்தார்கள்.

"இப்பத்தான் எனக்கு வழி தெரியுது பாட்டி" என்றார்கள்.

விளங்கினமட்டும் எழுதுகிறேன். அந்தச் சொட்டில் இரண்டு மருந்து கலந்திருக்கிறதாம். ஒன்று கிருமியைக் கொல்கிறது. எல்லாவற்றையும் இல்லை, பாதியை. அதனால்தான் தட்டில் விதைத்தது முளைக்கவில்லை. இன்னொன்று வீக்கத்தை அடக்குகிறது. புண் இருக்கிற கண்ணுக்கு அது ஆகாது, மிச்சமிருக்கிற கிருமிக்குக் காவலாக நின்றுவிடுமாம். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு நல்லது, இந்தக் கண்ணுக்குக் கெடுதல். ஒரே பாட்டில்.

"முளைக்காதத வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"முளைக்க வேணாம். செத்த கிருமியா இருந்தாலும் பரவால்ல. அதுக்குள்ள அதோட மரபணு இருக்கும். அதப் பெருக்கிப் பாத்தா பேர் தெரிஞ்சிடும்."

மறுபடியும் சுரண்டினார்கள். எடுத்தது கண்ணுக்கே தெரியவில்லை. கத்தி முனையில் ஏதோ ஈரம், அவ்வளவுதான். அதை ஒரு குட்டிக் குப்பியில் தட்டி மூடினார்கள்.

செத்தது பேர் சொல்லுமா? கல்லறைத் தோட்டத்தில் கல்லில் பேர் வெட்டி வைப்பது நாம். அதுங்களுக்கு உடம்புக்குள்ளேயே வெட்டியிருக்கிறதாம். யார் வெட்டினது?

1.7.2025, செவ்வாய்

அமுதம் விசாரிக்க வந்தாள். "பயப்படாதடி, கிருமியப் பெருக்கிடறாங்களாம்" என்றேன். "நல்லதாப் போச்சு. சுத்தமா பெருக்கி எடுத்தா சரியாப் போயிடும்" என்றாள். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

உள்ளே படுத்திருந்த குமாரி சிரிக்கிறாள்! எத்தனை நாள் கழித்து.

"ஆயா, அது தொடப்பத்தால பெருக்கறது இல்ல. கணக்குல பெருக்கறது. ரெண்டாக்கறது, நாலாக்கறது."

"கிருமியவா? இருக்கறதே போதாதுன்னு இன்னும் பெருக்குவாங்களா?"

"கிருமிய இல்ல, அதோட பேர. குப்பிக்குள்ள வெச்சி. கொஞ்சமா இருந்தா படிக்க முடியாதுல்ல, அதுக்கு."

எனக்கு அது புத்தியில் உட்காரவே நேரமாச்சு. வாசலைக் கூட்டுவதும் கணக்குதான், பெருக்குவதும் கணக்குதான் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் தெருவாசலில் இரண்டையும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மத்தியானம் புளியங்கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு. கொஞ்சம் தாண்டியதும் கொட்டை தீர்ந்துபோயிற்று. துவரம்பருப்பை எடுத்தேன். ஜெசிந்தா வந்து நின்றாள். "பல்லாங்குழி ஆடற நேரமா இது அத்தை? சாம்பாருக்குப் பருப்பு வேணும்." பருப்பும் பத்தவில்லை. முப்பது தடவைக்கு மேல் ரெண்டாக்குவார்களாம். அது எவ்வளவு ஆகும் என்று குமாரியைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே போனில் கணக்குப் போட வைத்துச் சொன்னாள்.

"ஒண்ணு, நூறு கோடிக்கு மேல ஆயிடும் ஆயா."

ஒன்றிலிருந்தா! ஊரில் உள்ள பருப்பெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் ஆகாது.

2.7.2025, புதன்

கண் அப்படியேதான் இருக்கிறது. இன்று நான் ஆய்வுக்கூடத்தைப் பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

அங்கே வேலை செய்கிற பெண் அருள்மொழி, பாகூர். நாங்கள் காத்திருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்து டீ குடித்தாள். நம்ம பக்கத்துப் பெண் என்றதும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"மிஷின் எவ்ளோ பெருசு?"

"மிக்ஸி அளவுதான் ஆயா. அதோ, வெள்ளையா தெரியுது பாருங்க."

அவ்வளவு சின்னது! உள்ளே சூடாகி ஆறுமாம், சூடாகி ஆறுமாம். சூட்டில் அந்த நூலின் இரண்டு பிரியும் தனித்தனியாகப் பிரியும். ஆறும்போது ஒவ்வொரு பிரிக்கும் புதுசாக ஒரு ஜோடிப் பிரி சேரும். ஒரு நூல் இரண்டாச்சு. இப்படியே. கைபடாமல், சத்தமில்லாமல், நாம் ஒரு குழம்பு வைத்து இறக்குவதற்குள் நூறு கோடி.

"எது நம்ம கிருமின்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவா ஒரு இடம் இருக்குது ஆயா. அதத் தேடிப் போய் ஒட்டற மாதிரி ஒரு சின்னத் துண்டு விடுவோம். அங்கயிருந்துதான் பெருக ஆரம்பிக்கும். பெருகிச்சுன்னா பாக்டீரியா இருக்குதுன்னு அர்த்தம். அப்புறம் அது எந்த பாக்டீரியான்னு எழுத்து எழுத்தா படிப்போம்."

எல்லா வீட்டுக்கும் வாசற்படி ஒரே மாதிரி, கதவில் எழுதியிருக்கிற பேர்தான் வேறே. அப்படிப் புரிந்துகொண்டேன். சரிதான் என்றாள்.

"எத்தன எழுத்து அதுல?"

"நாலு."

"நாலு பக்கமா?"

"நாலே நாலு எழுத்துதான் ஆயா. அதையே மாத்தி மாத்திப் போட்டு எழுதியிருக்கும். கிருமிக்கும் அதே நாலுதான். நெல்லுக்கும் மாட்டுக்கும் உங்களுக்கும் எனக்கும் அதே நாலுதான்."

தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை வைத்துக்கொண்டு அஞ்சாங்கிளாஸ் வரை படித்தும் எனக்கு இன்றுவரை லகரமும் ளகரமும் தகராறு. ஆண்டவர் நாலே எழுத்தில் என் பேத்தியையும் எழுதி, அவள் கண்ணைத் தின்கிற பூச்சியையும் எழுதியிருக்கிறார். கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டேன். அருள்மொழி மிச்ச டீயைக் குடித்தாள்.

3.7.2025, வியாழன்

பேர் தெரிந்துவிட்டது!

பூஞ்சை இல்லை. பாக்டீரியாதான். நோகார்டியா. குமாரியை எழுதச் சொல்லி, பார்த்து எழுதினேன். நூல் நூலாக இருப்பதால் பூஞ்சை மாதிரியே வேஷம் போடுமாம். தட்டில் விதைத்தாலும் மெதுவாகத்தான் எழுந்து வருமாம். பூஞ்சை மருந்தை அது மதிக்கவே மதிக்காது.

யாரோ ஒரு பிரான்சுக்காரர் பேரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்களாம். அவர் மாட்டு டாக்டராம், மாட்டுச் சீக்கில் கண்டுபிடித்தாராம். அமுதத்திடம் சொன்னேன். "அவங்க கப்பலேறிப் போயி எத்தினி காலமாச்சு, பேர் மட்டும் இன்னும் நம்ம மண்ணுல கெடக்குதா!" என்றாள்.

மண்ணில்தான் இருக்குமாம் அது. எல்லா மண்ணிலும். முதல் மழை பெய்ததும் ஒரு வாசனை கிளம்புகிறதே, அந்த வாசனையைக் கொடுக்கிற கிருமிகளுக்கு இது பங்காளி என்றார்கள் டாக்டரம்மா. எத்தனை வருஷம் அந்த வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருப்பேன்! மணக்கிறது எது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஆளில்லை.

மருந்தை மாற்றியாயிற்று. அமிகாசின். மணிக்கொரு தரம். கண் போகாது என்று இன்னும் சொல்லவில்லை. பேர் தெரியாத திருடனைத் தேடிக்கொண்டிருந்தோம், இப்போது பேர் தெரியும் என்றார்கள்.

6.7.2025

எப்போதும் பூசையில் பிள்ளைகளுக்காக, மழைக்காக வேண்டுவேன். இன்று பேர் சொல்லி வேண்டினேன். நோகார்டியா என்று. பக்கத்தில் இருந்தவள் ஏதோ புதுப் புனிதர் என்று நினைத்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள். நான் திருத்தவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

9.7.2025, புதன்

வலி குறைந்திருக்கிறது. இட்லி நாலு சாப்பிட்டாள்.

புண்ணின் ஓரம் கூடுகிறது என்றார்கள் டாக்டரம்மா. முதல் தரமாகச் சிரித்தார்கள். சிரித்தால் அவர்களுக்குக் கன்னத்தில் குழி விழுகிறது. இதற்கு முன்னால் பார்த்ததில்லை, சிரித்தால்தானே!

27.7.2025, ஞாயிறு

இரண்டு மணிக்கொரு தரமாகிவிட்டது மருந்து. நானும் ஜெசிந்தாவும் முறை போட்டு விடுகிறோம். கை கழுவாமல் பாட்டிலைத் தொட்டால் குமாரி இப்போதே போலீஸ் மாதிரி அதட்டுகிறாள். "ஆயா, சோப்பு."

புத்தகத்தை அவளால் நெடுநேரம் படிக்க முடியவில்லை. அதனால் நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். பொது அறிவுப் புத்தகம். எனக்குத் தெரியாத வார்த்தை வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்வேன், அவள் முழுசாகச் சொல்லிவிடுவாள். ஜெசிந்தா சொல்கிறாள், பரீட்சைக்கு என்னையும் சேர்த்துக் கூட்டிப்போக வேண்டியதுதானாம். போனால் எழுதிவிடுவேன்.

14.8.2025, வியாழன்

புண் ஆறிவிட்டது. நிறுத்தி எழுதுகிறேன். ஆறிவிட்டது.

ஆனால் தழும்பு இருக்கிறது. பாவைக்கு நேரே இல்லை, ஒதுங்கி இருக்கிறது, மெல்லிசாய் மேகம் மாதிரி. பார்வை எவ்வளவு திரும்பும் என்று இன்னும் கொஞ்ச மாதம் போனால்தான் தெரியுமாம். மெடிக்கலில் அவர்கள் அளவு என்னவோ. குமாரி வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரியும். நானும்தான்.

டாக்டரம்மா எனக்கும் ஒரு வார்த்தை சொன்னார்கள். எந்தச் சொட்டு மருந்தையும் திறந்து ஒரு மாசத்துக்கு மேல் வைக்கக்கூடாது, ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் தொடக்கூடாது. "ஊர்லயும் சொல்லுங்க பாட்டி. உங்க பேச்சக் கேப்பாங்க போல." கேட்பார்கள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பால் கூட்டுறவில், ரேஷன் கடையில், கோயில் வாசலில். நேற்று அமுதம் அவள் வீட்டுப் பழைய பாட்டில் இரண்டைக் கொண்டுவந்து என்னெதிரிலேயே குப்பையில் போட்டாள். "போதுமா இன்ஸ்பெக்டரம்மா?" என்றாள்.

7.9.2025, ஞாயிறு

எழுத்துப் பரீட்சை எழுதிவிட்டாள். இடது கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததாம், துடைத்துத் துடைத்து எழுதினாளாம். நல்லா எழுதினியா என்று கேட்டேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

18.11.2025, செவ்வாய்

மெடிக்கல். மூன்று மாசமாக நாங்கள் யாரும் வீட்டில் உச்சரிக்காத வார்த்தை. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டதால் இன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

வலது கண்ணில் எல்லா வரியும் படித்தாளாம். இடது கண்ணில் கடைசி வரி வரும்போது ஒரு எழுத்தில் நின்றுவிட்டாளாம். அப்புறம் சொன்னாளாம். சரியா தப்பா என்று அவர்கள் முகத்தில் தெரியவில்லை. கண்ணாஸ்பத்திரிச் சீட்டையெல்லாம் வாங்கிப் புரட்டிவிட்டு, அப்புறம் சொல்வோம் என்றார்களாம்.

"இன்னா எழுத்துடி அது?"

"தெரில ஆயா. இங்கிலீஷ் எழுத்து. எஃப்பா, பி-யா..."

ராச்சாப்பாட்டுக்கு யாருக்கும் பசியில்லை. சுரேஷ் தட்டில் கையை வைத்துக்கொண்டு, "கண்ணு இருக்குதும்மா. அது போதும்" என்றான். போதும்தான். சத்தியமாய்ப் போதும். ஆனாலும் மாதாவே, அந்த எழுத்து.

11.12.2025, வியாழன்

மழை விட்டிருந்தது. மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் வந்து நின்றது. போலீஸ்காரர். தெருவே எட்டிப் பார்க்கிறது. அமுதம் கையில் பாதி அலம்பின பாத்திரத்தோடு ஓடிவந்துவிட்டாள். "இன்னாக்கா, இன்னா கேசு? மாடு யாரு வயல்ல எறங்கிச்சு?"

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"சகாய சுரேஷ் பொண்ணு செல்வகுமாரி வூடு இதானா?"

"ஆமா. இன்னா விஷயம்?"

"அவங்க மேல எதுனா கேசு, தகராறு இருக்குதா, நடத்தை எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிக்கணும். மெடிக்கல்ல தேறினவங்கள வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னால விசாரிக்கறது வழக்கம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் மாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அமுதம்தான் முந்திக்கொண்டாள். "நல்ல பொண்ணு சார். அவ ஆயாதான் கொஞ்சம் வாய்க்காரி, அத எழுதிக்கிங்க." அவர் எழுதவில்லை, சிரித்தார்.

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ வைத்தேன்.